உள்ளே தேடினால் அகப்படாத பாலினம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாலின அடையாளம், அதாவது தன் பாலினம் எது என்று ஒருவர் தனக்குள் உணர்வது, குறித்து நீங்கள் அண்மையில் எழுதிய கட்டுரையை இருமுறை படித்தேன். திருநர்களை மதிப்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அம்மதிப்புக்கு நீங்கள் தரும் தத்துவ அடிப்படையை என்னால் ஏற்க முடியவில்லை. நான் ஆணாகப் பிறந்தேன், ஆணாகவே வாழ்கிறேன். எனக்குள் எவ்வளவு ஆழ்ந்து பார்த்தாலும் ‘நான் ஆண்’ என்று சொல்லும் தனி உணர்வு எதுவும் அங்கே இல்லை. என் உடல் ஆணுடல் என்பது தெரியும். பிறர் என்னை ஆண் என்கிறார்கள் என்பதும் தெரியும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. அப்படியிருக்க என்னைச் ‘சிஸ்ஜெண்டர்’ (பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்தோடு தன் பாலின அடையாளம் ஒத்துப்போகிறவர்) என்பது இல்லாத ஒன்றை என்மேல் ஏற்றுவதாகாதா? எனக்கு இல்லாத பாலின அடையாளம் ஒரு திருநங்கைக்கு மட்டும் எப்படி இருக்க முடியும்? இருக்கிறது என்றால், ஆணும் பெண்ணும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற பழைய வார்ப்புகளை மனத்தில் சுமப்பதன்றி அது வேறென்ன? ‘தன்னைப் பெண்ணென்று உணர்பவரே பெண்’ என்ற விளக்கம் தன்னைத்தானே சுற்றிவருகிறதே?

ஒரு வாசகர்
(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்விகள் தத்துவ இதழ்களில் கடந்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நேர்மையோடு விவாதிக்கப்பட்டு வருபவை. ஆகவே அவற்றை வெறுப்பின் வெளிப்பாடாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ‘உள்ளே பார்த்தேன், ஒன்றும் இல்லை’ என்ற உங்கள் கூற்றிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்றவை யாவும் அதன்மீதுதான் நிற்கின்றன.

ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹ்யூம் 1739-இல் இதே சோதனையைத் ‘தான்’ என்பதன்மீது செய்து பார்த்தார். தனக்குள் நுழையும்போதெல்லாம் சூடு, குளிர், ஒளி, நிழல், அன்பு, வெறுப்பு என ஏதேனும் ஓர் உணர்வின்மேல்தான் தட்டி நிற்பதாகவும், அவற்றை உணர்கிற ‘தான்’ ஒருபோதும் கையில் அகப்படுவதில்லை என்றும் எழுதினார். அதிலிருந்து ‘தான்’ என்பது உணர்வுகளின் தொகுப்பே என்ற முடிவுக்கு அவர் வந்தார். அவருக்குப் பின் வந்த ஜெர்மானியத் தத்துவவாதி கான்ட், எல்லா அனுபவத்துக்கும் முன்நிபந்தனையாக இருப்பதை அனுபவங்களுக்குள் ஒன்றாகத் தேடினால் கிடைக்காது என்று வாதிட்டார். இவ்விருவரில் யார் சரி என்பது இங்கே முக்கியமில்லை. அகநோக்கில் ஒன்று தென்படவில்லை என்பதாலேயே அது இல்லை என்று ஆகிவிடாது என்பதே இங்கு வேண்டியது. நம் கைகால்கள் எங்கே எந்த நிலையில் இருக்கின்றன என்பதைக் கண்ணால் பாராமலே உடல் அறிந்துகொண்டிருக்கிறது. நரம்பு நோயால் அவ்வறிவை இழந்தவர்கள் ஒரு குவளையை எடுக்கவும் தம் கையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நகர்த்த வேண்டியிருக்கிறது. இழக்கும்வரை, தமக்கு அப்படியொரு புலன் இருந்தது என்று அவர்களில் எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உயிரியலாளரும் திருநங்கையுமான ஜூலியா செரானோ 2007-இல் பாலினத்தைப் பற்றிக் கிட்டத்தட்ட இத்தகைய கருத்தொன்றை முன்வைத்தார்: தன் உடல் எந்தப் பாலுக்குரியதாக இருக்க வேண்டும் என்பது குறித்து நனவுக்கு அடியில் இயங்கும் ஓர் எதிர்பார்ப்பு மனிதரிடம் இருக்கலாம், உடலோடு அது பொருந்திப்போகும்போது அது இருப்பதே தெரிவதில்லை, பொருந்தாதபோது மட்டும் வலியாகத் தெரிகிறது.

இது நிரூபிக்கப்பட்ட அறிவியல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் அமைதிக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு என்பதை இது காட்டுகிறது. உங்களிடம் அப்படி ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். அல்லது உரசல் எதுவும் இல்லாததால் ஓசை கேட்காமல் இருக்கலாம். இவ்விரண்டில் எது உண்மை என்று அகநோக்கால் மட்டும் தீர்மானிக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.

தீர்மானிப்பதற்கு ஒரு கற்பனைச் சோதனையைச் சிலர் பரிந்துரைப்பதுண்டு. நாளைக் காலை பெண்ணுடலோடு விழித்தெழுவதாகவும், இனி அப்படியே வாழ வேண்டும் என்பதாகவும் எண்ணிப் பாருங்கள் என்பார்கள். சிலர் இதைக் கேட்டதும் நடுங்குகிறார்கள். சிலர் ‘சில நாள் திகைப்பேன், பிறகு பழகிவிடும்’ என்கிறார்கள். இந்த இரண்டாம் வகையினரின் விடையை நான் மதிக்கிறேன், ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இச்சோதனை மூன்று மாற்றங்களை ஒன்றாக முடிந்துவைத்திருக்கிறது. உடல் மாறுகிறது, உலகம் அழைக்கும் விதம் மாறுகிறது, இதுவரை வாழ்ந்த வாழ்வின் தொடர்ச்சியும் அறுபடுகிறது. ஒருவருக்கு உடல் மாற்றம் பொருட்டாக இராது, ஆனால் பிள்ளைகள் தன்னை ‘அம்மா’ என்று அழைப்பது தாங்க முடியாததாக இருக்கும். இன்னொருவருக்கு அழைப்பு ஒரு பொருட்டே அல்ல, கண்ணாடியில் தெரியும் உடல்தான் அந்நியமாக இருக்கும். திருநர்களின் அனுபவங்களும் இவ்வாறே பலவகைப்பட்டவை. சிலர் உடலைப் பற்றியும், சிலர் அழைக்கப்படும் முறையைப் பற்றியும், சிலர் இரண்டையும் பற்றியும் பேசுகிறார்கள். ‘பாலின அடையாளம்’ என்ற ஒற்றைப் பெயருக்குள் ஒன்றுக்கும் மேற்பட்டவை இருக்கின்றன என்பதை இச்சோதனை நமக்குக் கற்றுத்தருகிறது. அதற்கு மேல் எதையும் அது மெய்ப்பிப்பதில்லை.

அடுத்து, ‘சிஸ்ஜெண்டர்’ என்ற அடைமொழி. உள்ளே ஆண்மையுணர்வு ஒன்று சுடர்விட்டுக்கொண்டிருக்கிறது என்று உங்களைப் பற்றி அறிவிப்பதாக இதை நீங்கள் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். சிலர் அப்படியும் பயன்படுத்துகிறார்கள். அது மிகை என்றே நானும் எண்ணுகிறேன். பிறப்பில் உங்களுக்குக் குறிக்கப்பட்ட பாலினத்துக்கும் நீங்கள் வாழ்கிற பாலினத்துக்கும் இடையே முரண் இல்லை என்பதை மட்டுமே குறிப்பதாக அதைக் கொள்வது போதும். அவ்வளவில் நிறுத்திக்கொண்டால், உங்கள் கடிதமே அதற்குச் சான்று: முரண் இருந்திருந்தால் ‘அதற்கு மேல் ஒன்றுமில்லை’ என்ற வரியை உங்களால் எழுதியிருக்க முடியாது. அந்த ஒன்றுமின்மையும் உங்களைப் பற்றிய ஓர் உண்மைதான். திருநருக்கு ஏன் முரண் எழுகிறது என்று கேட்கிற நாம், மற்றவருக்கு ஏன் எழவில்லை என்று கேட்பதில்லை. முரணின்மை இயல்பு, அதற்கு விளக்கம் தேவையில்லை என்று முடிவுகட்டிவிட்டுத்தான் விவாதத்தையே தொடங்குகிறோம். என் வேறுபாடெல்லாம் இந்தத் தொடக்கப்புள்ளியோடுதான். பாலினத்தைப் பற்றிய எந்தத் தத்துவமும் திருநருக்கும் உங்களுக்கும் ஒரே அளவில் பொருந்தும் விளக்கத்தைத் தர வேண்டும். ஒருவரின் பாலினத்தை வெறும் உண்மையாகவும் மற்றவருடையதை வெறும் நம்பிக்கையாகவும் பிரித்துவைத்துக்கொண்டு தொடங்கக் கூடாது.

பழைய வார்ப்புகள் பற்றிய உங்கள் ஐயம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஒருவர் பெண்ணாகப் பிறப்பதில்லை, ஆக்கப்படுகிறார் என்று பிரெஞ்சுத் தத்துவவாதி சிமோன் த பொவார் 1949-இல் எழுதியதிலிருந்து பெண்ணியம் அவ்வார்ப்புகளை உடைக்கத்தான் பாடுபட்டு வருகிறது. மென்மையை விரும்பும் ஆண் பெண்ணாகிவிடுவார் என்று யாரேனும் வாதிட்டால் அது அந்த உழைப்பு முழுவதையும் வீணாக்கும். ஆனால் அடையாளம் என்பது நெறிகளுக்குக் கீழ்ப்படிவதன்று என்று தத்துவவாதி கேதரின் ஜென்கின்ஸ் 2016-இல் காட்டிய வேறுபாடு இங்கே பேருதவியாக இருக்கிறது. பெண் பொதுவிடத்தில் உரக்கச் சிரிக்கக் கூடாது என்ற நெறியை எடுத்துக்கொள்வோம். அதை மீறி உரக்கச் சிரிக்கும் பெண், தான் எதையோ மீறுகிறோம் என்பதை அறிந்தே சிரிக்கிறார். அருகில் அதேபோல் சிரிக்கும் ஆணுக்கு அந்த நெறி தன்னை நோக்கிப் பேசுவதாகவே தோன்றாது. நெறியை ஏற்பதும் மறுப்பதும் வேறு, அது தன்னை நோக்கிச் சொல்லப்படுவதாக உணர்வது வேறு. சமூகம் பெண்ணாக வகைப்படுத்தியவர்கள் தம் உலகில் வழி கண்டு நடக்க உதவும் ஒருவகை உள்வரைபடத்தைக் கொண்டிருப்பதையே பெண் என்ற அடையாளம் என்கிறார் ஜென்கின்ஸ். அந்த வரைபடத்தோடு வாழும் திருநங்கை அடக்கமானவராக இருக்க வேண்டியதில்லை. அடங்க மறுப்பவராகவும், பெண்ணியராகவும், முடியைக் கத்தரித்துக்கொண்டவராகவும் இருக்கலாம். நீங்கள் கேட்ட சுற்றுவிளக்கச் சிக்கலும் இதில் பெரும்பாலும் தீர்கிறது. முதலில் சமூக வகைப்பாடு சமூகத்தைக் கொண்டு விளக்கப்படுகிறது; பிறகு அடையாளம் அவ்வகைப்பாட்டைக் கொண்டு விளக்கப்படுகிறது. ஒன்று மற்றொன்றைத் தாங்குகிறது, தன்னைத்தானே தாங்குவதில்லை.

இத்துடன் வாதம் முடிந்துவிட்டது என்று சொல்வது நேர்மையாகாது. பெண் என்றால் வளர்ந்த மனிதப் பெண்ணுயிர், அதாவது அது முழுக்க உயிரியல் வகை என்று தத்துவவாதி அலெக்ஸ் பைர்ன் 2020-இல் விரிவாக வாதிட்டார். மற்றொரு தத்துவவாதியான ராபின் டெம்ப்ராஃப் அதற்கு மறுப்பு எழுதினார். பெண்ணியத் தத்துவவாதி சாலி ஹாஸ்லாங்கர் 2000-இல் தந்த வரையறை பெண் என்பதை, உடலைக் காரணமாகக் காட்டித் தாழ்த்தப்பட்ட சமூக நிலையாகக் கண்டது. அதன்படி, இன்னும் பிறர் கண்ணுக்குப் பெண்ணாகத் தெரியாத திருநங்கை வெளியே நிற்க நேரும். ஜென்கின்ஸ் அடையாளத்தை முன்கொண்டுவந்ததே இக்குறையைப் போக்கத்தான். அவ்வழிக்கும் தத்துவவாதி எலிசபெத் பார்ன்ஸ் 2022-இல் ஒரு கடினமான எதிர்வாதத்தை வைத்தார். கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ள ஒரு பெண்ணுக்குப் பாலினம் பற்றிய கருத்தே இல்லாதிருக்கலாம். ஆயினும் அவர் பெண் என்பதாலேயே சில வன்முறைகளுக்கு ஆளாகிறார். அடையாளமே பாலினத்தின் முழுமை என்றால், அவருக்கு இழைக்கப்படும் அநீதியைப் பெயர் சொல்லி அழைக்கவே முடியாமல் போகும். இதற்கு எளிய விடை இல்லை. உடல், சமூக நிலை, அடையாளம் என்ற இவற்றில் எந்த ஒன்றும் தனித்து நின்று பாலினம் முழுவதையும் விளக்காது என்பதும், ஒருவர் இவற்றுள் ஏதேனும் ஒன்றன் வழியாக ஒரு பாலினத்துக்கு உரியவராக முடியும் என்பதும் இப்போதைய என் நிலைப்பாடு. இதில் தூய்மை குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தூய்மையான வரையறைகள் ஒவ்வொன்றும் உயிருள்ள யாரையோ வெளியே தள்ளிவிட்டே தூய்மையடைகின்றன.

திருநரின் கூற்று வெறும் நம்பிக்கைதானே என்பது உங்கள் கடிதத்தின் அடிநாதமாக எனக்குப் படுகிறது. பொய்யான நம்பிக்கையில் மயங்கியவர் உள்ளதை இல்லாததாகக் காண்பார். திருநங்கை தன் உடலைப் பற்றித் தவறான நம்பிக்கை எதையும் கொண்டிருப்பதில்லை. அவ்வுடல் எத்தகையது என்பதை மிகத் துல்லியமாக அறிந்திருப்பதுதான் அவருடைய துயரம். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில் பாலினப் பொருந்தாமையை மனநோய்களின் அத்தியாயத்திலிருந்து எடுத்துவிட்டதும் இங்கே நினைக்கத்தக்கது.

தத்துவவாதி டாலியா மே பெட்ச்சர் 2009-இல் எழுதியது எனக்கு இதைவிடவும் அடிப்படையானது. தன்னைப் பற்றி ஒருவர் சொல்வதில் தவறே நேராது என்று அவர் சொல்லவில்லை. நாம் நம்மைப் பற்றி அடிக்கடி தவறாகச் சொல்கிறோம். ‘நான் பெண்’ என்று ஒருவர் வெளிப்படுத்தும்போது அவர் தன் உடலைப் பற்றிய அறிக்கை ஒன்றைப் படிப்பதில்லை. தான் எதற்காக நிற்கிறார், எப்படி வாழ முற்படுகிறார் என்பதை வெளிப்படுத்தி, அதற்குப் பொறுப்பும் ஏற்கிறார். அந்தப் பொறுப்பை அவரிடமிருந்து பறித்து, அவருடைய இடத்தில் நின்று நாம் பேசுவதே பெட்ச்சர் சுட்டும் அநீதி. ஒருவரின் துக்கத்தைப் பற்றி மற்றொருவர் ‘உனக்கு உண்மையில் துக்கம் இல்லை’ என்று அறிவிப்பது எந்த வகையில் அத்துமீறலோ, இதுவும் அந்த வகையில் அத்துமீறல்தான். இதே காரணத்தால், உங்களுக்குள் பாலின உணர்வு எதுவும் இல்லை என்று நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ‘சிஸ்ஜெண்டர்’ என்ற பெயர் வேண்டாம் என்றால், உங்களைப் பற்றிப் பேசும்போது அதைத் தவிர்க்கவும் எனக்குத் தடையில்லை. உங்களிடம் ஒன்று இல்லை என்பதிலிருந்து எவரிடமும் அது இல்லை என்ற முடிவுக்குத் தாவுவதை மட்டுமே நான் மறுக்கிறேன்.

விளையாட்டுப் போட்டிகள், சிறைகள், மருத்துவப் பதிவுகள் ஆகியவற்றில் எழும் நடைமுறைக் கேள்விகளை நீங்கள் எழுப்பவில்லை. அவற்றை இங்கே நான் விரிக்கப்போவதுமில்லை. பெண் என்பதற்கான ஒரே வரையறையைக் கண்டுபிடித்துவிட்டால் அவை தாமாகவே தீர்ந்துவிடும் என்று இரு தரப்பிலும் பலர் நம்புகிறார்கள், நான் நம்பவில்லை. ஒரு மருத்துவருக்கு உடலின் குறிப்பான விவரங்கள் தேவைப்படுகின்றன, சிறை நிர்வாகத்துக்கு யார் யாரால் தாக்கப்படும் ஆபத்தில் இருக்கிறார் என்பது தேவைப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய காரணங்களை எடைபோட்டே விடை காண வேண்டும். பார்ன்ஸின் எதிர்வாதத்தைப் படித்துவிட்டு மீண்டும் எழுதுங்கள். அதற்கு நான் இங்கே சொன்ன பன்மை விளக்கம் போதுமானதா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்