ஊறுகாய் உப்புநீர் சாக்கடையில் கலக்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரின் செனோக்கோவில் சிறிய ஊறுகாய்த் தொழிற்கூடம் தொடங்குகிறோம். கொழுப்புத் தொட்டி (கழிவுநீரிலுள்ள எண்ணெயைப் பிரித்துப் பிடிக்கும் தொட்டி) வைத்தால் கழிவுநீரை அப்படியே விடலாமா?

பதில்: விடக்கூடாது. முதலில் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். சாக்கடையில் சேரும் இடத்தில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது. பிஎச் (அமில-காரத் தன்மை) 6 முதல் 9 வரை. தாவர எண்ணெய், கொழுப்பு லிட்டருக்கு 100 மில்லிகிராம். கொதிநீரில் பாத்திரம் கழுவினால் எண்ணெய் உருகித் தொட்டியைக் கடந்துபோய், குழாயில் ஆறி உறையும். அதனால் நீரை ஆறவிட்ட பிறகே தொட்டிக்குள் விடுங்கள்.

உங்களுக்குப் பெரிய சிக்கல் உப்புதான். கரைந்த திடப்பொருளுக்கு வரம்பு லிட்டருக்கு 3,000 மில்லிகிராம். 10 சதவீத உப்புநீரிலோ சுமார் 1,00,000 இருக்கும்! பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு), கரையாமல் நீரில் மிதக்கும் திடப்பொருள் ஆகியவை லிட்டருக்கு 400 மில்லிகிராமைத் தாண்டினால், அனுமதி பெற்று, கட்டணம் செலுத்தி 4,000 வரை விட வழியுண்டு. உப்புக்கு அது பொருந்தாது. குழாய்த் தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்வதும் விதிமீறல். நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பில் உப்பு குறையாது. கழிவுநீரை மறுபடி நன்னீராக்கும் நியூவாட்டர் ஆலையின் வடிகட்டிச் சவ்வுகளுக்கு அது வீண் சுமை. உப்புநீரைத் தனிக் கலனில் பிடித்து, உரிமம் பெற்ற கழிவுச் சேகரிப்பாளரிடம் கொடுங்கள். கழுவுநீரை மட்டும் சாக்கடைக்கு அனுப்புங்கள்.