காய்ந்த புல்லோடு கொஞ்சம் தழை

கேள்வி: எங்கள் மேய்ச்சல் நிலத்தில் பாதி புல், பாதி புதர். புல் காய்ந்துவிட்டால் மாடுகள் வயிறு புடைக்க மேய்ந்தும் இளைக்கின்றன. புதர் கடிக்கும் வெள்ளாடுகள் தெளிவாக இருக்கின்றன. புல், தழை இரண்டின் செரிமான அளவையும் கூட்டிச் சராசரி பார்த்தால் கலப்பு மேய்ச்சலின் கணக்கு வந்துவிடுமா?

பதில்: வராது. படிக்கிற காலத்தில் நானும் வரும் என்றுதான் நம்பினேன். காய்ந்த புல்லை எடைபோட்டு, சிறு நைலான் பைகளில் கட்டி, மாட்டின் முதல் வயிற்றுக்குள் 48 மணி நேரம் ஊறவைத்து, மிச்சத்தை அலசிக் காயவைத்து மறுபடி எடைபோடுவோம். ஒரே கட்டுப் புல்தான். வெறும் புல் தின்ற மாட்டைவிட, கூடவே தழை தின்ற மாட்டின் வயிற்றில் அது நன்றாகக் கரைந்திருந்தது. அன்றோடு சராசரிக் கணக்கை விட்டுவிட்டேன்.

நாரை உடைப்பது மாடு இல்லை, முதல் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். தீவனத்தின் உலர் எடையில் புரதம் சுமார் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் அவை சோர்ந்துவிடும். முற்றிக் காய்ந்த புல்லில் பெரும்பாலும் 3 முதல் 5 சதவீதம்தான் இருக்கும். உடையாத நார் அப்படியே தங்கிவிடுவதால் வயிறு நிறைந்து தெரியும். மாடு மேற்கொண்டு தின்னாது. உங்கள் மாடுகள் இளைக்க இதுவே காரணமாக இருக்கலாம். சவுண்டல் (சூபாபுல்) மரத்தின் தழையில் புரதம் 20 சதவீதத்துக்கும் மேல். தினம் கொஞ்சம் கிடைத்தாலே புல்லும் செரிக்கத் தொடங்கும்.

ஆனால் வெள்ளாட்டைப் பார்த்து மாட்டுக்குக் கணக்குப் போடாதீர்கள். அது குச்சியை ஒதுக்கிக் கொழுந்தாகப் பார்த்துக் கடிக்கும். துவர்ப்பையும் கூடுதலாகத் தாங்கும். அந்தத் துவர்ப்பைத் தருவது டானின் என்ற பொருள். அளவாக இருந்தால், புரதம் முதல் வயிற்றில் வீணாகாமல் குடலுக்குப் போய்ச்சேர அது உதவும். தீவனத்தில் 5 சதவீதத்தைத் தாண்டினால் புரதத்தைக் கட்டிப்போட்டு, தீனியையும் செரிமானத்தையும் குறைத்துவிடும். சவுண்டலில் மிமோசின் என்ற நச்சும் உண்டு. பழகாத மாட்டுக்கு அதை மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக விடாதீர்கள்.

சரி, பலன் தெரிய ஒரு வழி: இன்று ஒரு பிடி சாணத்தைச் சல்லடையில் அலசி, தங்கும் நாரைக் காயவைத்து எடுத்துவையுங்கள். இரண்டு வாரம் தழை கொடுத்த பிறகு அதே மாட்டின் சாணத்தை அலசி, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நார் குட்டையாகவும் பொடியாகவும் மாறியிருந்தால் தழை வேலை செய்கிறது. நீளம் குறையவே இல்லையென்றால், வேறு புதரின் தழையை மாற்றிக் கொடுத்துப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.