சம்பளம் நிற்கும் நாளுக்கு முன்னால்

(வாசகர் கேள்விகளுக்கு, வங்கியொன்றின் கடன் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரின் பதில்கள். கடிதங்களில் இருந்த உண்மைத் தொகைகளை எடுத்துவிட்டோம். கைக்கு வரும் மாதச் சம்பளம் 100 என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அந்தக் கணக்கில் படிக்கவும்.)

ஐயா, எனக்கு வயது 54. 60-ல் ஓய்வு. வீட்டுக் கடன் இன்னும் 9 வருடம் ஓட வேண்டும். அதுபோக ஒரு தனிநபர் கடன், கிரெடிட் கார்டு பாக்கி, அண்ணனிடம் வாங்கிய கைமாத்து. கார்டுக்கு ஒரு மாதம்கூடத் தவறாமல் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிடுகிறேன். ஆனாலும் பாக்கி அப்படியே நிற்கிறது. அவசரத்துக்கென்று ஒரு டெபாசிட் இருக்கிறது, அதைத் தொட மனம் வரவில்லை. என் கணவரோ, "ரிட்டயர் ஆகும்போது மொத்தமாக வரும் பணத்தில் எல்லாவற்றையும் அடைத்துவிடலாம், இப்போதே ஏன் கவலைப்படுகிறாய்" என்கிறார். எங்கிருந்து தொடங்குவது?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

சகோதரி, கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த கணக்குத் தாளுக்கு முதலில் நன்றி. பலர் "நிறையக் கடன் இருக்கிறது, என்ன செய்ய?" என்று ஒரு வரி எழுதி அனுப்புவார்கள். எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதியில் முடிகிறது என்று தெரியாமல் நான் எதைச் சொல்ல?

உங்கள் தாளில் இருப்பது இது. வீட்டுக் கடன் பாக்கி 1800, வட்டி 9 சதவீதம், தவணை 24.4. தனிநபர் கடன் 120, வட்டி 14 சதவீதம், இன்னும் 24 மாதம், தவணை 5.8. கார்டு பாக்கி 150, மாதம் 3 சதவீத வட்டி. அண்ணனுக்கு 40, வட்டி இல்லை. டெபாசிட் 130, அதற்கு வருவது 7 சதவீதம். வீட்டுச் செலவு 55. ஓய்வுக்குப் பிறகு மாதம் 50 வரும் என்று எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் கணவர் சொல்வதையே முதலில் எடுத்துக்கொள்வோம். எதையும் மாற்றாமல் இப்படியே போனால், 60-வது வயதில் வீட்டுக் கடனில் மட்டும் 767 பாக்கி நிற்கும். வருமானம் 100-லிருந்து 50 ஆகிவிடும், தவணை மட்டும் அதே 24.4. கைக்கு வருவதில் பாதி, வந்த அன்றே போய்விடும். இதைத் தவிர்க்க மொத்தப் பணத்திலிருந்து அடைக்கலாம், அது தப்பில்லை. ஆனால் அந்தப் பணம் போனஸ் இல்லை. இனிமேல் வராத சம்பளத்துக்குப் பதிலாக வருவது. ஏழரை மாதச் சம்பளத்தை அதிலிருந்து முதல் நாளே எடுத்துக் கொடுத்துவிட்டு ஓய்வைத் தொடங்குவதென்றால், அதை ஆறு வருடம் முன்பே யோசித்துச் செய்ய வேண்டும். கடைசியில் வேறு வழியில்லாமல் செய்வதாக இருக்கக் கூடாது.

இதை நான் மேடையில் ஏறிச் சொல்லவில்லை. நான் ஓய்வு பெற்றபோது எனக்கே 26 மாதத் தவணை மிச்சம் இருந்தது. "26 மாதம்தானே" என்று விட்டுவிட்டேன். தவணை பிடிக்கும் தேதி மாதம் 5. முதல் மாத ஓய்வூதியம் ஏதோ காகிதம் சேரவில்லையென்று தாமதமாகிவிட்டது. தவணை திரும்பியது, அபராதம் விழுந்தது, கூடவே ஒரு நினைவூட்டுக் கடிதமும் வீட்டுக்கு வந்தது. அந்தக் கடிதத்தின் வாசகத்தை எழுதியவனே நான்தான். "தங்களின் மேலான கவனத்துக்கு" என்று ஆரம்பிக்கும். எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன்! என் மனைவி அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள்" என்றாள்.

சரி, கார்டுக்கு வருவோம். பாக்கி ஏன் அசையவில்லை என்று கேட்டிருந்தீர்கள். மாதம் 3 சதவீதம் என்பது வட்டிக்கு வட்டி சேர்ந்து ஆண்டுக்கு 42.6 சதவீதம் ஆகிறது. குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம் என்றால், அந்த ஐந்தில் மூன்று வட்டிக்கே போய்விடுகிறது. இனி அந்தக் கார்டில் ஒரு பொருள்கூட வாங்காமல் இருந்தாலும், ஒரு வருடத்தில் நீங்கள் கட்டுவது 82. பாக்கி குறைவது 34. மற்ற 48-ம் வட்டி. ஒழுங்காகக் கட்டுகிறோம் என்ற நிம்மதிக்கு நீங்கள் கொடுக்கிற விலை அது.

இப்போது அந்த டெபாசிட். 7 சதவீதம் வருகிற பணத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு, 42 சதவீதம் கேட்கிற கடனுக்கு மாதாமாதம் அழுகிறீர்கள். அவசரத்துக்கு வேண்டும் என்பது நியாயம்தான், அதனால் முழுவதையும் உடைக்கச் சொல்ல மாட்டேன். 50 இருக்கட்டும், அது கிட்டத்தட்ட ஒரு மாத வீட்டுச் செலவைத் தாங்கும். மற்ற 80-ஐ இந்த வாரமே கார்டில் கட்டுங்கள். பாக்கி 70 ஆகிவிடும். டெபாசிட்டை முன்கூட்டி எடுத்தால் வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள். பிடிக்கட்டும், 42-க்கு முன்னால் அது தூசு.

அடுத்தது செலவு. இங்கேதான் உங்கள் இரண்டு கவலையையும் ஒரே வேலையில் தீர்க்கலாம் என்று நினைக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு 50-ல் வாழ வேண்டியிருக்கும். அப்படியானால் இப்போதே 45-ல் வாழ்ந்து பாருங்கள், சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே. சம்பளம் வந்த அன்று 55-ஐ வேறொரு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சினால் மாற்றலாம் என்று வைத்தால் மிஞ்சாது, அது எல்லா வீட்டுக்கும் தெரிந்த கதை. இந்த ஒத்திகையில் தோற்றால் நஷ்டமில்லை, அடுத்த மாதம் சம்பளம் உண்டு. 60-ல் தோற்றால் அது ஒத்திகை இல்லை.

45 எப்படிப் போதும் என்று கேட்பீர்கள். கடந்த 12 மாத வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள், கணவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். மாதாமாதம் வரும் செலவுகளை எல்லாரும் எழுதிவிடுவார்கள். பட்ஜெட்டைக் கவிழ்ப்பது அவை அல்ல, வருடத்துக்கு ஒருமுறை வந்து போகிறவை: இன்சூரன்ஸ் பிரீமியம், வரி, வண்டி ரிப்பேர், மூக்குக் கண்ணாடி, பல். (பல்லை நான் பட்ஜெட்டில் சேர்க்காமல் விட்ட வருடம்தான் அது வலித்தது.) எங்கள் வீட்டு நோட்டில் இதற்கு ஒரு பக்கமே உண்டு. தலைப்பு "வராதது போல் வருவது". அதைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, மாதச் செலவாகவே ஒதுக்கிவிடுங்கள். அந்த 45-க்குள் இதுவும் அடக்கம்.

வேலையோடு ஒட்டிய செலவுகளைத் தனியாகக் குறித்து வையுங்கள். போக்குவரத்து, அலுவலக உடுப்பு, சக ஊழியர்களுக்கான வசூல் எல்லாம் 60-ல் தானாக நின்றுவிடும். அதே நேரத்தில் மருந்தும், பகல் முழுக்க வீட்டில் இருப்பதால் ஏறும் மின்சாரமும் கூடும். 50-க்கும் 45-க்கும் நடுவே விட்ட ஐந்து அதற்குத்தான்.

இப்படிச் செய்தால் கடனுக்கு மாதம் 55 கிடைக்கிறது. வீட்டுத் தவணையும் தனிநபர் கடன் தவணையும் போக 24.8 மிச்சம். மீதி 70 கார்டு பாக்கி மூன்றே மாதத்தில் முடியும்.

நான்காம் மாதம் அண்ணன். கணக்கு தெரிந்தவர்கள் இங்கே சண்டைக்கு வருவார்கள். வட்டியில்லாக் கடனைக் கடைசியில்தானே அடைக்க வேண்டும், 14 சதவீதம் காத்திருக்கிறதே என்பார்கள். கணக்குப்படி அவர்கள் சொல்வது சரி. ஆனால் தனிநபர் கடன் இரண்டு மாதம் கூடுதலாகக் காத்திருப்பதில் போகிற வட்டி மொத்தத்தில் ஒன்றரை அளவுதான். அண்ணன் கேட்காமல் காத்திருப்பதற்கு எந்தப் பட்டியலிலும் வட்டி போடவில்லை, அவ்வளவுதான். இன்னொன்று: ஒரு கடன் முழுதாக முடிந்தால் மனசுக்குத் தெம்பு வருகிறது. டேவிட் கால், பிளேக்லி மெக்ஷேன் என்ற இரு ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்விலும், கடன் கணக்குகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தவர்கள்தான் கடைசிவரை தாக்குப்பிடித்து முழுக் கடனையும் தீர்க்கும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. ஆனால் 42 சதவீத விஷயத்தில் மட்டும் மனசைக் கேட்காதீர்கள்.

ஐந்தாம் மாதத்துக்குள் அண்ணன் கணக்கு முடியும். பிறகு எல்லாவற்றையும் தனிநபர் கடனில் போட்டால் எட்டாம் மாதம் அதுவும் முடியும். 24 மாதம் ஓட வேண்டியது! முன்கூட்டி அடைக்கக் கட்டணம் உண்டா என்று மட்டும் ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் மாதம் முதல் வீட்டுக் கடன். ஓய்வுக்கு அப்போது 64 மாதம் இருக்கும். தவணையை 24.4-லிருந்து 33.8-ஆக உயர்த்தினால் ஓய்வு பெறும் மாதத்திலேயே கடன் தீரும். மொத்த வட்டியில் கிட்டத்தட்ட 277 மிச்சம், இரண்டே முக்கால் மாதச் சம்பளம். அதற்குப் பிறகும் மாதம் 21 கையில் நிற்கிறது. வட்டியே சேர்க்காவிட்டாலும் 64 மாதத்தில் அது 1350-ஐத் தொடும். மூன்று மாத வீட்டுச் செலவு அளவுக்கு அவசர நிதியை முதலில் நிரப்பிவிட்டு, மற்றதை ஓய்வுக்கென்று சேருங்கள்.

கணவரிடம் ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 72-ஐ 6-ஆல் வகுக்க 12 வருடம். அதற்குள் விலை இரட்டிப்பாகிவிடும். (இந்த 72 கணக்கு நேற்று வந்ததல்ல. இத்தாலியக் கணிதர் லூக்கா பச்சோலி 1494-லேயே எழுதி வைத்திருக்கிறார்.) அப்படியானால் உங்கள் 66-வது வயதில், இன்றைய 25 வாங்குவதைத்தான் அன்றைய 50 வாங்கும். மொத்தமாக வரும் பணத்துக்கு அந்த இடைவெளியை நிரப்பும் வேலை காத்திருக்கிறது.

இன்னொரு வாசகர்: வீட்டுக் கடனில் ஒரு பகுதியை முன்கூட்டிக் கட்டப் போகிறேன். தவணையைக் குறைக்கட்டுமா, காலத்தைக் குறைக்கட்டுமா என்று வங்கியில் கேட்கிறார்கள். எது நல்லது?

காலத்தை. 9 சதவீத வட்டியில் 1000 பாக்கி, 10 வருடம் மிச்சம் என்றால் கட்ட வேண்டிய வட்டி 520. அதில் 200-ஐ இப்போது கட்டித் தவணையைக் குறைத்தால் வட்டி 416. அதே 200-ஐக் கட்டி, தவணையைப் பழையபடியே வைத்துக் காலத்தைக் குறைத்தால் வட்டி 288, கடன் 34 மாதம் முன்னதாக முடியும். மாதச் செலவுக்கே திணறுகிற வீடு என்றால் மட்டும் தவணையைக் குறைக்கலாம்.

மாறும் வட்டியில் கடன் வாங்கியவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். வட்டி ஏறும்போது பல இடங்களில் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டிவிடுவார்கள். பிடிக்கிற தொகை மாறாததால் யாருக்கும் தெரியாது. என் மேசைக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் கடன் எந்த வருடம் முடிகிறது என்று தெரியாது. ஓய்வுக்குப் பத்து வருடத்துக்குள் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது முடிவுத் தேதியைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது வாசகர்: ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். எனக்குக் கடன் எதுவும் இல்லை. நெடுநாள் நண்பர் ஒருவர் தன் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். "வெறும் கையெழுத்துதான்" என்கிறார். போடலாமா?

வெறும் கையெழுத்துக்கு யாரும் கடன் கொடுப்பதில்லை. அவர் கட்டாவிட்டால் நீங்கள் கட்டுவீர்கள் என்பதுதான் அந்தக் கையெழுத்தின் பொருள். அவரை முழுக்கத் துரத்திப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வருவார்கள் என்றும் நம்ப வேண்டாம். பல ஒப்பந்தங்களில் நேராகவே உங்களிடம் கேட்க இடமுண்டு. அந்தக் கடனை உங்கள் நோட்டில் உங்கள் கடனாகவே எழுதிப் பாருங்கள், தவணையோடு. எழுதிய பிறகும் இரண்டு வருடம் கழித்து வரப்போகும் வருமானத்தில் தாங்குமென்றால் போடுங்கள்.

நான் போட்டேன். கடன் பிரிவில் உட்கார்ந்துகொண்டே போட்டேன். பதினான்கு தவணை நான் கட்டினேன். நண்பர் நல்லவர்தான், இன்றும் இதே ஊரில்தான் இருக்கிறார். என்னைத் தூரத்தில் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்.