நீடித்த வாரண்டி வாங்க முன் கம்பனியை எப்படி விசாரிப்பது? கேள்வி பதில்

கொழும்பில் பல வருடமாக வாகனப் பழுதும் கிளெய்மும் (பழுதுக்குக் காசு கேட்கும் கோரிக்கை) பார்க்கிறேன். காருக்குக் கூடுதல் வாரண்டி எடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ரீகண்டிஷன் (வெளிநாட்டில் ஓடி இங்கே வந்த) டொயோட்டா அக்குவா ஹைபிரிட் கார் ஒன்று பார்த்திருக்கிறேன். விற்கிற இடத்திலேயே காசுக்கு மூன்று வருட வாரண்டி தருகிறார்கள். எடுக்கலாமா? (வெள்ளவத்தை)

அக்கா, முதலில் ஒன்றைக் கேளுங்கள். நாளைக்கு ஹைபிரிட் பற்றரி போனால் காசு கட்டப்போவது யார்? கார் விற்கிறவரா, வேறொரு கம்பனியா, காப்புறுதி நிறுவனமா? கடதாசியின் மேலே பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விடுங்கள். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கு மேலே எந்தக் கம்பனியின் பெயர் இருக்கிறதோ, அதைத்தான் விசாரிக்க வேண்டும்.

அந்தக் கம்பனியை எங்கே விசாரிப்பது? (கொட்டாஞ்சேனை)

தம்பி, டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் கம்பனிகள் பதிவாளர் திணைக்களம் இருக்கிறது. பெயரை அவர்களுடைய இணையத்தளத்திலும் தேடலாம். கட்டணம் கட்டினால் கோப்பில் உள்ள பத்திரங்களின் பிரதி கிடைக்கும். பணிப்பாளர்கள் யார், பதிவு முகவரி எது, எப்போது பதிந்தார்கள் என்பதெல்லாம் அதில் தெரியும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிந்த தனியார் கம்பனி என்றால் இலக்கம் 'பீவி' (PV) என்று தொடங்கும். வெறும் வியாபாரப் பெயர்ப் பதிவு மட்டும் இருந்தால் அது கம்பனியே அல்ல.

பதிந்து எட்டு மாதமான கம்பனி ஐந்து வருடத்துக்கு வாக்குக் கொடுத்தால் நான் காசு கட்ட மாட்டேன்.

பிறகு அந்த முகவரிக்கு ஒருதரம் நேரே போய்ப் பாருங்கள். நான் அப்படிப் போன ஓர் இடத்தில் தையல் கடைக்கு மேலே பூட்டிய அறை ஒன்றுதான் இருந்தது. கதவுக்குக் கீழே தண்ணீர் பில், மின்சார பில் என்று கடிதங்கள் குவிந்து கிடந்தன. எனக்கு முன் எத்தனை பேர் அந்தக் கம்பனியை நம்பிக் காசு கட்டியிருப்பார்கள் என்று நினைக்க வயிறு எரிந்தது.

"காப்புறுதி நிறுவனம் பின்னால் இருக்கிறது" என்கிறார்களே? (தெஹிவளை)

சொல்லட்டும், ஆனால் எழுத்தில் கேளுங்கள். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி பெற்ற நிறுவனம்தான் இங்கே காப்புறுதி செய்யலாம். அந்தப் பட்டியல் இலங்கை காப்புறுதி ஒழுங்குமுறை ஆணைக்குழுவிடம் இருக்கிறது. பெயர் அதில் இருந்தாலும் நிறுத்த வேண்டாம். அந்த நிறுவனத்துக்கே போன் எடுத்து, இந்த வாரண்டிக்கு நீங்கள் பொறுப்பா, பொலிசி இலக்கம் என்ன என்று கேளுங்கள்.

முகநூலில் ஐந்து நட்சத்திரமாகக் குவிந்திருக்கிறது. நம்பலாமா? (வத்தளை)

வாங்கிய அன்று சந்தோஷத்தில் எழுதியவற்றை விடுங்கள், கிளெய்ம் கேட்டவர் எழுதியதைத் தேடிப் படியுங்கள். அதைவிட நல்ல வழி, வாரண்டியில் பெயர் போட்டிருக்கும் கராஜுக்குப் போய், இந்தக் கம்பனி உங்கள் பில்லை ஒழுங்காகக் கட்டுகிறதா என்று கேட்பது. பில் நிலுவையில் நிற்கும் கராஜ் பாஸ் (மெக்கானிக்) ஒருவர் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்.

பற்றரி கிளெய்மை மறுத்துவிட்டார்கள். பராமரிப்புக் குறை என்கிறார்கள். (மட்டக்குளி)

ஒப்பந்தத்தில் விலக்குகள் என்ற பகுதியை, அதாவது எதற்கெல்லாம் காசு தர மாட்டார்கள் என்று எழுதியிருப்பதை, பாருங்கள் ஐயா. அக்குவா, பிரியஸ் போன்றவற்றில் பின் இருக்கைப் பக்கமாகத்தான் பற்றரிக்குக் காற்றுப் போகிறது. அந்த வழி தூசியால் அடைத்தால் பற்றரி சூடேறும். உட்பக்கம் சாம்பல் நிறப் பஞ்சு போலத் தூசி படிந்து அடைத்ததைக் கழற்றிக் காட்டியிருக்கிறேன். சேர்விஸ் பில் எல்லாவற்றையும், துப்புரவு செய்ததையும் சேர்த்து, வைத்திருந்தால் வாதாடலாம்.

முறையிட நுகர்வோர் விவகார அதிகாரசபை இருக்கிறது, இலக்கம் 1977. ஆனால் விற்பனை அல்லது சேவை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதனால் மற்றவர்களும் ஒப்பந்தம் கைக்கு வந்த வாரமே உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

புத்தம் புதுக் காருக்கும் வேண்டுமா? (நுகேகொடை)

தயாரிப்பாளரின் வாரண்டி ஓடும்போது அவசரமில்லை. கூடுதல் வாரண்டி இன்றிலிருந்து தொடங்குகிறதா, அது முடிந்த பிறகா என்று மட்டும் கேளுங்கள். இன்றிலிருந்து என்றால் ஒரே காலத்துக்கு இரண்டுதரம் காசு கட்டுகிறீர்கள்.

"இன்றைக்குள் கட்டினால்தான் இந்த விலை" என்கிறார் விற்பனையாளர். (பம்பலப்பிட்டி)

ஒப்பந்தத்தின் பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கக் கேளுங்கள். தர மாட்டேன் என்றால் சரி என்று எழும்பி வாருங்கள் தங்கச்சி.