ஆறும் பதினாலும் எப்படி ஒன்றாகும்?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. சர்க்கரை இருக்கிறது, சிறுநீரகமும் கொஞ்சம் பழுது. பைபாஸ் செய்யச் சொல்கிறார்கள். இரண்டு மருத்துவமனைகளின் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் 500 பைபாஸ் நடந்திருக்கிறது. முதலாவதில் 6 பேர் இறந்திருக்கிறார்கள், இரண்டாவதில் 14 பேர். பக்கத்தில் ‘எதிர்பார்த்த இறப்பு’ என்று முறையே 5, 18 என்று இருக்கிறது. இதில் இரண்டுக்கும் ‘சராசரியிலிருந்து வேறுபாடு இல்லை’ என்றே குறித்திருக்கிறார்கள். ஆறும் பதினாலும் எப்படி ஒன்றாகும்? தம்பி முதலாவதுதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான்.

பதில்: தம்பியின் பயம் புரிகிறது. ஆனால் 6, 14 என்ற எண்களை விட்டுவிட்டு அந்த 5, 18 பக்கம் கொஞ்ச நேரம் நில்லுங்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

‘எதிர்பார்த்த இறப்பு’ என்றால் மருத்துவமனை சாவை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தது என்று அர்த்தம் இல்லை. எல்லா மருத்துவமனைகளிலும் பைபாஸ் செய்துகொண்டவர்களின் வயது, சர்க்கரை, சிறுநீரகம், இதயம் எவ்வளவு வலுவாக ரத்தத்தைத் தள்ளுகிறது, அவசரமாக வந்தாரா, நாள் குறித்து வந்தாரா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்து, இப்படிப்பட்ட ஒருவருக்குப் பொதுவாக ஆபத்து எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். அப்புறம் ஒரு மருத்துவமனைக்கு வந்த ஒவ்வொருவரின் ஆபத்தையும் கூட்டினால் அந்த எண் வரும். இரண்டாவது மருத்துவமனைக்கு 18 வந்திருக்கிறது என்றால், அங்கே போனவர்கள் உடம்பு ரொம்பவும் மோசமாக இருந்தவர்கள், கிட்டத்தட்ட உங்கள் அப்பாவைப் போன்றவர்கள். 18 பேரை இழந்திருக்கலாம் என்ற இடத்தில் 14 பேரை இழந்திருக்கிறார்கள். முதலாவதில் 5 என்ற இடத்தில் 6.

அப்படியானால் இரண்டாவதுதான் சிறந்தது என்று இப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள். 5 எதிர்பார்த்து 6 வருவதும், 18 எதிர்பார்த்து 14 வருவதும் தற்செயலாகவே நடக்கக்கூடியவை, அடுத்த வருஷம் அப்படியே மாறியும் வரலாம். அதனால்தான் இரண்டையும் ‘வேறுபாடு இல்லை’ என்று சொல்கிறார்கள். இரண்டும் ஒரே தரம் என்று நிரூபித்துவிட்டதாக அதற்குப் பொருள் இல்லை, இந்த எண்களை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

நோயாளி யார் என்று சரியாகப் பார்க்காமல் இறப்பு விகிதத்தை வெளியிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நடந்த கதை உண்டு. 1986-இல் அமெரிக்க மத்திய அரசு மருத்துவமனைவாரியாக இறப்புக் கணக்கை வெளியிட்டது. அதில் எல்லோரையும் விட மோசமாகத் தெரிந்த இடம் எது தெரியுமா? குணமாக்க முடியாது என்று ஆனவர்களைக் கடைசி நாட்களில் வைத்துப் பராமரித்த ஒரு நிலையம். அங்கே வந்தவர்கள் இறக்கத்தான் செய்வார்கள், அதில் அந்த நிலையத்தின் குற்றம் என்ன இருக்கிறது? நியூயார்க் மாநிலம் பைபாஸுக்கு நோயாளியின் நிலையைக் கணக்கில் சேர்த்துப் புள்ளிவிவரம் திரட்டத் தொடங்கியது 1989-இல்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெயர் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் ஆபத்தான நோயாளிகளைத் தவிர்ப்பவர்களும் உண்டு. பென்சில்வேனியாவில் இதய அறுவை மருத்துவர்களிடம் கேட்டு 1996-இல் வெளியிட்ட ஆய்வில், 63 சதவீதம் பேர் இப்படிக் கணக்கு வெளியானதிலிருந்து மிகவும் மோசமான நிலையில் இருப்பவர்களுக்கு ஆபரேஷன் செய்யத் தயக்கம் கூடிவிட்டது என்று ஒப்புக்கொண்டார்கள். ஆகவே நேரில் போகும்போது வெட்கப்படாமல் கேளுங்கள்: சிறுநீரகப் பழுதும் சர்க்கரையும் உள்ள, 70 வயது தாண்டியவர்களுக்கு நீங்கள் எத்தனை பைபாஸ் செய்திருக்கிறீர்கள், அவர்கள் எப்படி இருக்கிறார்கள்? அறிக்கை எந்த வருஷத்துக் கணக்கு, அப்போது இருந்த மருத்துவர்கள் இப்போதும் இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்வரை எண்ணினார்களா, 30 நாள்வரை எண்ணினார்களா என்பதும் முக்கியம். சீக்கிரமாக வீட்டுக்கோ வேறு இடத்துக்கோ அனுப்பிவிட்டால் முதல் கணக்கில் சாவு தெரியாது, இரண்டாவதில் தெரிந்துவிடும்.

கேள்வி: ஒரு சிறிய மருத்துவமனையில் 30 ஆபரேஷன் செய்து ஒருவர்கூட இறக்கவில்லையாம். நம்பிப் போகலாமா?

பதில்: 30-இல் பூஜ்யம் நல்ல செய்திதான், ஆனால் சின்னச் செய்தி. இதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு சாவும் இல்லாதபோது 3-ஐ எண்ணிக்கையால் வகுத்தால், உண்மையான ஆபத்து அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று தோராயமாகத் தெரியும். 3-ஐ 30-ஆல் வகுத்தால் பத்தில் ஒன்று. அதாவது உண்மையான ஆபத்து 10 சதவீதம்வரை இருந்தாலும் இப்படி ஒரு பூஜ்யம் வர வாய்ப்பு இருக்கிறது. இதையே 3,000 ஆபரேஷனில் பூஜ்யம் என்றால் அது வேறு கதை. கணையம், உணவுக்குழாய் போன்ற கடினமான ஆபரேஷன்களில் அடிக்கடி செய்யும் இடத்தில் இறப்பு குறைவு என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த ஒன்று. அந்த வகை ஆபரேஷன் என்றால் தயங்காமல் எண்ணிக்கை அதிகமுள்ள இடத்தைப் பாருங்கள்.

கேள்வி: நான் போக நினைத்த மருத்துவமனையில் ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து ரத்தக்கட்டு வந்தவர்கள் அதிகம் என்று அறிக்கை சொல்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ரத்தக்கட்டு பலருக்கு வெளியே தெரியாது, ஸ்கேன் எடுத்துத் தேடினால்தான் கிடைக்கும். அமெரிக்காவில் 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அதிகமாக ஸ்கேன் எடுத்த மருத்துவமனைகளில்தான் ரத்தக்கட்டு விகிதமும் அதிகமாகப் பதிவாகியிருந்தது. தேடாதவருக்குக் கிடைக்காது, கிடைக்காதவர் அறிக்கையில் நல்லவராகத் தெரிவார். இந்த இடத்தில் ஆபரேஷன் முடிந்த நோயாளிகளில் எத்தனை பேருக்கு ரத்தக்கட்டைத் தடுக்கும் மருந்து கொடுக்கிறார்கள் என்ற எண்ணைப் பாருங்கள், அறிக்கையில் இல்லையென்றால் நேரில் கேளுங்கள்.