புதிய வேக ரயில் தயாராகிவிட்டது என்கிறார்கள், ஆனால் ஓட்டத்துக்கு வர ஏன் இவ்வளவு தாமதம்?

வில்லிவாக்கத்தில் வளர்ந்தவன் நான். மாமா ஐ.சி.எஃப். என்ற சென்னை ரயில் பெட்டி ஆலையில், சீட் முதலானவற்றைப் பொருத்தும் ஃபர்னிஷிங் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். 'வண்டி ரெடி, இன்னும் ஓடல' என்ற பேச்சு எங்கள் வீட்டில் சாப்பாட்டோடு சேர்ந்தது.

வந்தே பாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ட்ரெயின் 18' என்ற பெயரில் ஐ.சி.எஃப். அதைச் சுமார் 18 மாதத்தில் செய்து முடித்தது. தனி இன்ஜின் கிடையாது. 16 பெட்டிகளில் பாதிக்கு அடியிலேயே மோட்டார். 2018 அக்டோபர் கடைசியில் ஆலையை விட்டு வெளியே வந்தது. டெல்லி–வாரணாசி பாதையில் கொடியசைத்தது 2019 பிப்ரவரி 15.

இந்த மூன்றரை மாதத்தை நான் தாமதக் கணக்கில் சேர்க்கமாட்டேன். கோட்டா பக்கம் 180 கி.மீ. வேகம் வரை ஓட்டிப் பார்த்தது அப்போதுதான். வெறும் பெட்டியை ஓட்டினால் போதாது. பயணிகளின் எடைக்கு மணல் மூட்டை அடுக்கியும் ஓட்டவேண்டும். பெட்டி எவ்வளவு ஆடுகிறது, பிரேக் போட்டால் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அளப்பார்கள். அப்புறம் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் ஒப்புதல். அவர் ரயில்வேக்குக் கீழே வருபவர் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆள். நல்ல ஏற்பாடுதான், சொந்த மேலதிகாரியிடம் 'முடியாது' என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? இவ்வளவு பார்த்தும், கொடியசைத்த மறுநாளே திரும்பும் வழியில் துண்ட்லா அருகே வண்டி நின்றுவிட்டது.

நெதர்லாந்து–பெல்ஜியம் இடையே ஓடிய ஃபைரா வேக ரயிலின் கதை இதைவிட மோசம். 2007இல் வரவேண்டிய ரயில் 2012 டிசம்பரில்தான் வந்தது. பனி கொட்டியதும் பழுதுக்கு மேல் பழுது, அடித்தகடே கழன்றது. ஆறு வாரம்கூட ஓடவில்லை, நிறுத்திவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வருவது அடுத்த கட்டத்தில்தான். இரண்டாவது வந்தே பாரத் 2019 அக்டோபரில் டெல்லியிலிருந்து ஜம்மு பக்கம் உள்ள கட்ராவுக்கு ஓடியது. மூன்றாவது வந்தது 2022 செப்டம்பரில்! செய்யத் தெரிந்த ஆலை, செய்து காட்டிய வண்டி, நடுவே மூன்று வருஷம். 44 ரயில்களுக்கான டெண்டரைச் சீனக் கூட்டு நிறுவனம் ஒன்றும் கேட்டிருந்தது. 2020 ஆகஸ்டில் அதை ரத்து செய்து மறுபடி முதலில் இருந்து தொடங்கினார்கள். முதல் ரயிலின் கொள்முதல் மீது விஜிலென்ஸ் விசாரணை வேறு. விசாரணை என்றால் ஃபைலில் கையெழுத்துப் போட யார் முன்வருவார்கள்? போதாததற்கு கொரோனா.

அதையும் தாண்டினால் சக்கரம். உக்ரைனில் ஆர்டர் கொடுத்திருந்தார்கள். 2022 பிப்ரவரியில் போர் வந்துவிட்டது. தயாராக இருந்த 128 சக்கரங்களை லாரியில் ருமேனியாவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து விமானத்தில் ஏற்றினார்கள். பெட்டிக்கு 8 சக்கரம், 16 பெட்டி. சரியாக ஒரே ஒரு ரயிலுக்கு!

சரி, வந்த பிறகாவது பறக்கிறதா? சென்னை–மைசூர் சுமார் 500 கி.மீ., ஆறரை மணி நேரம். வண்டியால் 160இல் போக முடியும், பாதைதான் விடுவதில்லை. மாமாவை அதில் அழைத்துப்போனேன். காட்பாடி தாண்டும் வரை அவர் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. குனிந்து சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்க்ரூக்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.