மனநலத்தில் ‘சக ஆதரவாளர்’ என்றால் யார்? இளைஞர்களுக்கு அவர் எப்படி உதவுகிறார்?

மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றைத் தானே அனுபவித்து மீண்டு, அப்புறம் பயிற்சியும் பெற்று, அதே நிலையில் இருப்பவருக்குத் துணை நிற்பவர்தான் சக ஆதரவாளர்.

மனநலச் சிக்கல்களில் பெரும்பகுதி 25 வயதுக்கு முன்பே தலைகாட்டிவிடுகிறது. பெரியவர்களிடம் வாய் திறக்கத் தயங்கும் வயதும் அதுதான். “மூன்று நாளாகக் குளிக்கக்கூட எழுந்திருக்க முடியவில்லை” என்று ஒருவர் சொல்கிறார். “எனக்கும் அப்படித்தான் இருந்தது, இன்றைக்கு முகம் மட்டும் கழுவிப் பார்” என்று சக ஆதரவாளரிடமிருந்து பதில் வருகிறது. வெட்கம் பாதி அங்கேயே கரைந்துவிடும். எந்த அறிவுரையையும்விட இதற்கு வலு அதிகம் என்பேன். புது ஊரில் வழி தெரியாமல் நிற்கும்போது, அதே தெருக்களில் முன்பு அலைந்தவர் கூடவே நடந்து வருவது போல.

சரி, இவர் இருந்தால் மருத்துவர் வேண்டாமா? பலரும் அப்படி நினைக்கிறார்கள், அது தவறு: இவர் நோயைக் கண்டறிவதில்லை, மருந்தை மாற்றுவதில்லை, உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் ரகசியம் காக்காமல் உடனே சிகிச்சைக் குழுவிடம் சொல்லிவிடுவார்.